நாற்பத்து மூன்று இழுப்பும் ஒரு வாக்குமூலமும்

புதிதாகத் துறையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் வெற்றிகளை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். வெற்றியாம். ஏழைகளுக்கு வீடு கட்டும் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் பொறியாளராகக் குப்பை கொட்டியவனிடம் வெற்றி என்று காட்ட ஒரு வெண்கலப் பலகைதான் இருக்கிறது. விருத்தாசலத்தில், ரயில் பாதைக்கும் செராமிக் கம்பெனிகளுக்கும் நடுவில் நிற்கும் அறுபத்து நான்கு வீடுகளின் நுழைவுச் சுவரில் அதைப் பதித்திருக்கிறார்கள். இயற்கையோடு இசைந்த பசுமைக் குடியிருப்பு என்று அதில் பொறித்திருக்கிறது. பயிற்சி முடிவதற்குள் உங்களையும் வண்டி வைத்து அங்கே கூட்டிப் போவார்கள், நீங்களும் பலகைக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அது எந்த லட்சணத்தில் வந்தது என்று படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் பெருமைப்பட வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் அதற்கு இடம் இருக்காது. ரயில் பாதை ஓரப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்தி, வேப்பூர் பக்கம் பொட்டல்காட்டில் கொண்டுபோய்க் குடிவைப்பது என்றுதான் முதலில் திட்டம். நம் துறையின் பழைய வியாதி அது. வேலை ஒரு மூலையில், வீடு இன்னொரு மூலையில், நடுவில் ஆட்டோ. அதெல்லாம் வேண்டாம், ஊருக்குள்ளேயே அடுக்கிக் கட்டலாம், லிஃப்ட் தேவைப்படாத நான்கு அடுக்கு போதும், ஜனங்கள் கம்பெனிக்கு நடந்து போகட்டும் என்று நான் சண்டை போட்டு வாங்கினேன். அதற்கு மட்டும் எனக்கு நீங்கள் ஒரு கும்பிடு போடலாம். மிச்சத்துக்கு என்ன போடுவது என்பதைப் படித்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

வரைபடம் போட்டவர் சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர். தறியில் நெய்த ஜிப்பா, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. விருத்தாசலத்து வெயிலை அவர் ஒரு மத்தியானம் அனுபவித்தார், அதிலேயே மனிதர் ஆடிப்போய்விட்டார். மேற்குச் சுவர் முழுக்க ஜாலி வைக்கலாம் என்றார். ஓட்டை ஓட்டையான மண் கட்டிகளை அடுக்கிக் கட்டும் சுவர் அது. அந்தக் கட்டிகளையும் ஊர்ச் சூளையிலேயே சுட்டுக்கொள்ளலாம் என்று கணக்கும் காட்டினார். திரையில் வீட்டைப் போட்டு, அதன் குறுக்கே நீல அம்புகளாக ஓடவிட்டார். அம்புதான் காற்று. மேற்கே நுழைந்து, கூடத்தைக் கடந்து, கிழக்கு வராண்டா வழியாக வெளியே போயிற்று. மின்விசிறியே வேண்டாம் என்றார். மேலதிகாரிகள் எல்லோரும் அம்பையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். அந்த மனிதரின் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை, அந்த வீடுகளில் சித்திரையிலும் குளுகுளுவென்றுதான் இருக்கும். அவருக்குக் கொடுத்த தகவலில்தான் பிழை. கொடுத்தவன் நான்.

குடிசைகளைக் கணக்கெடுத்தது நான். படிவத்தில் ஒரு கேள்வி, வீட்டில் தொழில் நடைபெறுகிறதா, ஆம் அல்லது இல்லை. இந்தக் கேள்வி வருகிறது என்பது எனக்கு முன்பே குடிசைகளுக்குத் தெரிந்துவிட்டது. ஒதுக்கீட்டு நிபந்தனையில் வீட்டை வசிக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும், தொழில் செய்தால் ஒதுக்கீடு ரத்து என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி அவர்கள் காதுக்குப் போய்விட்டது. ஆகவே முந்தின நாளே அத்தனை பேரும் சேர்ந்து, பொம்மை அச்சுகள், பலகைகள், மண்கூழ் வாளிகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்தக்காரர்கள் குடிசைகளில் ஒளித்து வைத்துவிட்டார்கள்.

நான் கையில் அட்டையோடு போனேன். ஒவ்வொரு குடிசையிலும் தரை சாணி மெழுகிப் பளிச்சென்று இருந்தது. அறுபத்து நான்கு வீட்டிலும் ஒரே நாளில் மெழுகியிருக்கிறார்கள், அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை. பெண்களின் முழங்கை மடிப்பில் வெள்ளை மண் அப்பியிருந்தது. எங்கே வேலை என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி, கம்பெனியில என்றார்கள். எழுபது வயதுக் கிழவிகூடக் கம்பெனியில என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இவ்வளவு சுத்தமாக இருக்கிறார்களே என்று மெச்சிவிட்டு, அறுபத்து நான்கு படிவத்திலும் இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரசாங்கம் எனக்குச் சம்பளத்தோடு கண்ணும் கொடுத்திருந்தது என்பது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

உண்மை இதுதான். அந்த ஊர்க் கொலு பொம்மைகளில் சின்ன உருப்படிகள் பாதிக்கு மேல் இந்தப் பெண்களின் வீடுகளில்தான் உருவாகின. கம்பெனி அச்சும் மண்கூழும் கொடுக்கும். வீட்டில் வார்த்து எடுத்து, பிசிறு சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, நிழலில் உலர்த்தி, சுடுவதற்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு, உலை கொதிக்கும் நேரத்தில் நாலு பொம்மை துடைத்து வைக்கிற வேலை. அவர்கள் வீட்டில் சோறு வேகிறதா இல்லையா என்பது இந்தப் பொம்மை உலர்வதில் இருந்தது. இதை நான் தெரிந்துகொண்டது வீடு கட்டி, பால் காய்ச்சி, எல்லோரும் குடிவந்த பிறகு.

ஆடி மாதம் பிறந்தது. மேற்கிலிருந்து காற்று அடித்தது பாருங்கள், எங்கள் ஜாலிச் சுவர் ஒவ்வொன்றும் ஊதுகுழல் மாதிரி ஊளையிட்டது. ஒரே வாரத்தில், காற்று நேராக அடித்த நாற்பத்து நான்கு வீடுகளின் ஜாலி ஓட்டைகளில் எல்லாம் சிமென்ட் சாக்கு, பழைய புடவை, கட்சி பேனர். தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் பசுமைக் குடியிருப்பு பழைய சாமான் கடை மாதிரி இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்த ஜனங்களுக்கு எதைக் கட்டிக்கொடுத்தும் பிரயோசனம் இல்லை, குடிசையில் இருந்தவனுக்குக் காற்றின் அருமை எப்படித் தெரியும் என்று அலுவலகத்தில் எல்லோர் காதும்படப் பேசினேன். அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிய பொறியாளர்கள் பலர் இன்றைக்கு உங்களுக்கு மேலதிகாரிகள். நீங்களும் ஒருநாள் இதையேதான் பேசுவீர்கள். பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடைத்தவர்கள் எல்லோரும் சாக்கைத்தான் சொருகியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் அஞ்சலை என்ற ஒரு அம்மா மட்டும் செங்கல்லும் சிமென்ட்டும் வாங்கி ஜாலியை உள்பக்கமாக முழுச் சுவராக எழுப்பிவிட்டார். அது கட்டட மாற்றம், குற்றம். நானே போனேன். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. புருஷன் இல்லை. எட்டாவது படிக்கும் ஒரு பெண், அவ்வளவுதான் குடும்பம். வாசலில் நின்று ஒரு மூச்சு கத்தித் தீர்த்தேன். அரசாங்கச் சுவரில் கை வைக்க யார் அதிகாரம் கொடுத்தது, ஒதுக்கீட்டை ரத்து செய்தால் எங்கே போவாய் என்றெல்லாம். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் உள்ளே போய், ஒரு சாண் உயரத்தில் சுடாத பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். செட்டியார் பொம்மையோ என்னவோ. கழுத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல். என் விரல் பட்டதும் தலை தனியாக வந்துவிட்டது.

"மேக்கால காத்து ஒரு பக்கமா அடிச்சா இந்தப் பக்கம் காஞ்சிடுது, அந்தப் பக்கம் ஈரமாவே இருக்குது. கழுத்து வுட்டுடும் சார். இது காத்தே படாம, மெதுவா காயணும். பலகை பலகையா தூக்கிப் போட்டுட்டேன்," என்றார். குரலில் கோபமில்லை. வேலை தெரியாதவனுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற தொனிதான்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குடிசையில் காற்று வராதது நமக்குக் குறை. அவர்களுக்கு அதுதான் பட்டறை. காற்றே நுழையாத அந்த இருட்டில்தான் பொம்மை பதமாக உலர்ந்தது. நாங்கள் கோடையையும் வெயிலையும் அளந்து, காற்றைத் திரையில் ஓடவிட்டு, ஊர் மண்ணிலேயே ஜாலி சுட்டு, அந்த ஊர் மண்ணில் அவர்கள் செய்கிற பொம்மையின் கழுத்தை அறுத்துவிட்டோம். இது தொழில் ஆயிற்றே, அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் வீடு கொடுத்திருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். தலையில்லாத பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய நின்றேன்.

இனிமேல்தான் நெருக்கடி. நெருக்கடி என்றால் பாலம் விழுவது, தூண் சாய்வது என்று உங்கள் பாடத்தில் இருக்கும். நம் வேலையில் நெருக்கடி பெரும்பாலும் மேலேயிருந்து தொலைபேசியில் வரும். பத்து நாளில் டெல்லியிலிருந்து பசுமைச் சான்று கொடுக்கும் குழு வருகிறது, ஜாலி அத்தனையும் திறந்திருக்க வேண்டும், அடைத்தவர்களுக்கு நோட்டீஸ் கொடு, சரியான விளக்கம் இல்லாதவர்களின் ஒதுக்கீட்டை ரத்து செய் என்று என் மேலதிகாரி உத்தரவு போட்டார். சான்று வந்தால்தான் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி. அவர் கெட்டவரல்ல. ஆனால் அவர் மேசைக்குக் காகிதம்தான் வரும், உடைந்த பொம்மை வராது.

நாற்பத்து நான்கு வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். இனி என் நிலைமையைப் பாருங்கள். பொம்மைக்காக அடைத்தோம் என்று அவர்கள் உண்மையை எழுதினால் வீட்டில் தொழில் நடக்கிறது என்று ஆகிவிடும். நிபந்தனைப்படி நாற்பத்து நான்கு வீடும் காலி. சாக்கை எடுக்கச் சொன்னால் கொலு சீசன் மண்ணாகிவிடும். அதோடு கூட இன்னொன்று, அதை நான் அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. உண்மை வெளியே வந்தால், அறுபத்து நான்கு படிவத்தில் இல்லை என்று எழுதிய மகா மேதாவி யார் என்று முதலில் கேட்பார்கள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எப்பேர்ப்பட்ட யோசனை என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். மருத்துவக் காரணம் காட்டினால் நிபந்தனை மீறல் வராது. வீட்டில் குழந்தைக்கு மூச்சிரைக்கும் இழுப்பு நோய், குளிர்காற்று ஆகாது, ஆகவே ஜாலியைத் தற்காலிகமாக அடைத்தோம். இரண்டே வரி. நானே என் கையால் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் எழுதினேன். குழந்தை இல்லாத வீட்டில் மாமியாருக்கு இழுப்பு. மாமியாரும் இல்லாத வீட்டில் குடும்பத் தலைவருக்கே இழுப்பு. ஒருவர் மட்டும், எனக்கு முதுகுவலிதான் சார் இருக்குது, அதை எழுதக்கூடாதா என்றார். கூடாது என்று அவருக்கும் இழுப்பே கொடுத்தேன். எல்லோரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஏழைக்கு உதவிவிட்ட சந்தோஷத்தில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அஞ்சலை கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளில்லை அவர், நன்றாகவே படித்தார். பிறகு மடித்து என்னிடமே நீட்டினார்.

"எம்பொண்ணுக்கு இழுப்பு கெடையாது சார்."

இது வெறும் காகிதம், யாரும் வந்து மூச்சை அளக்கப் போவதில்லை, ஊரே போட்டிருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். போடாவிட்டால் வீடு போய்விடும் என்றும் சொன்னேன். மிரட்டுகிற மாதிரியே சொன்னேன்.

"தொழிலே இல்லன்னு ஒரு வாட்டி பொய் சொல்லித்தான் இந்தக் காத்துல வந்து மாட்டிக்கினோம். இன்னொரு பொய்யும் சொன்னா எங்க கொண்டுபோயி வப்பீங்களோ, யாருக்குத் தெரியும்? நானே எழுதித் தரேன், நீங்க குடுத்துடுங்க," என்றார்.

மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினார். வீட்டில் பொம்மை வேலை செய்கிறேன், பல வருடமாகச் செய்கிறேன், காற்று பட்டால் பொம்மை வெடிக்கிறது, அதனால் சுவர் வைத்தேன், வீடு கேட்கும்போது இதை மறைத்தது தப்பு, ஆனால் வேலை இல்லாமல் வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது. இவ்வளவுதான். கீழே தேதியும் கையெழுத்தும்.

அந்தத் தாளை நான் என்ன செய்தேன்? உங்களில் புத்திசாலிகள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். நாற்பத்து மூன்று இழுப்பையும் கோப்பில் வைத்து மேலே அனுப்பினேன். அஞ்சலையின் தாளை என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அது மேலே போனால் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்களே, அவர்களைக் காப்பாற்றத்தான் என்று எனக்கு நானே கதை அளந்துகொண்டேன். அந்தம்மாவுக்கு விளக்கம் நிலுவையில் உள்ளது என்று ஒரு குறிப்பு எழுதி, ரத்து நோட்டீஸை அப்படியே தொங்கலில் விட்டேன். ரத்தும் இல்லை, வாபஸும் இல்லை. முடிவெடுக்கப் பயந்தவன் எடுக்கும் முடிவு அது. நம் அலுவலகத்து அலமாரிகளைத் திறந்து பாருங்கள், பாதிக்கு மேல் இந்த ஜாதிதான்.

குழு வந்த அன்று காலையில் பெண்கள் சாக்குகளை உருவினார்கள். பொம்மைப் பலகைகளை ஈரத் துணி போர்த்தி மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மறைவில் அடுக்கிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். அஞ்சலையின் வீட்டு வாசலில் வரவேற்புப் பேனரைக் கட்டச் சொல்லி மறைத்தேன். குழுவினர் ஒரு கூடத்தில் நின்று, கண்ணை மூடிக் காற்று வாங்கினார்கள். அற்புதம் என்றார் ஒருவர். கட்டடக் கலைஞர் அம்பு போன பாதையைக் கையால் காட்டினார். மத்தியானம் அவர்கள் வண்டி பாலத்தைத் தாண்டுவதற்குள் சாக்குகள் பழையபடி ஏறிவிட்டன. வெண்கலப் பலகை வந்தது இப்படித்தான்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். சாமர்த்தியமாகச் சமாளித்த கதை என்று ஓய்வுக் காலத்தில் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டு திரிந்திருப்பேன்.

மார்கழியில் மாவட்ட அலுவலகத்தில் இரண்டாம் கட்டத்துக்கான கூட்டம். இந்த முறை வீடு கிடைக்கப்போவது பாதைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளுக்கு. முதல் கட்டத்தார் அச்சுகளை ஒளித்து வைத்தார்களே, அதே வீட்டுக்காரர்கள்தான், அவர்களுக்கும் அதே பொம்மை வேலைதான். மேலதிகாரி தலைமையில் உட்கார்ந்திருந்தார். கட்டடக் கலைஞர் திரையைப் போட்டார். முதல் கட்டத்தின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டோம் என்று ஆரம்பித்தார். எனக்குச் சந்தோஷம். அது அடுத்த வாக்கியம் வரைக்கும்தான்.

குடியிருப்பில் நாற்பத்து மூன்று குடும்பங்களில் இழுப்பு நோய் இருப்பதாகக் கோப்பில் ஆதாரம் இருக்கிறதாம். இழுப்புக்குக் காரணம் காற்றோட்டக் குறைவாம். ஆகவே இந்த முறை ஜாலியை ஒரு பக்கம் அல்ல, இரண்டு பக்கம் வைத்திருக்கிறாராம். சமையலறையிலும் உண்டாம். திரையில் நீல அம்புகள் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கூட்டமாக நுழைந்தன. மேலதிகாரி என் பக்கம் திரும்பி, உங்கள் கள அறிக்கை நல்ல உபயோகமாக இருந்தது என்று பாராட்டினார். கூட்டத்தில் இரண்டு பேர் கையும் தட்டினார்கள்.

என் கருணையை நினைத்துப் பார்த்தேன். நான் இரக்கப்பட்டு எழுதிய பொய், கோப்பில் ஏறி, எண்ணாக மாறி, ஆராய்ச்சி முடிவாகி, இன்னும் எத்தனையோ குடும்பத்துக் கழுத்தை அறுக்க வரைபடமாகத் திரும்பி வந்திருந்தது. கோப்பில் போடுகிற பொய்க்கு நம்மைப்போல ஓய்வு கிடையாது. நாம் வீட்டுக்குப் போன பிறகும் அது வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கே கொண்டுபோய் வைப்பீர்களோ என்று அந்த அம்மா கேட்டாரே, இதோ இங்கேதான் என்று தோன்றியது.

சாத்தியக்கூறு அறிக்கையில் என் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தார்கள். பேனாவையும் நீட்டிவிட்டார்கள். கையெழுத்து விழுந்தால் மறுநாள் டெண்டர். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. போட்டுவிட்டுப் போயிருக்கலாம், வீடு கட்டி ஆடி வரும்போது நான் பேரனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். போடத்தான் நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பேனா காகிதத்தின் மேல் போய் நின்றது. நிறைய நேரம் ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருந்தவர் டீ குடித்து முடிக்கிற நேரம்.

அந்த இழுப்பெல்லாம் பொய், நான் எழுதியது என்று சொன்னேன். அறையில் யாருக்கும் புரியவில்லை. பொம்மை வேலை, படிவம், சாக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தைரியம் வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மேலதிகாரி முகம் கறுத்துவிட்டது. இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அஞ்சலையின் தாளைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கூட்டத்துக்குப் புறப்படும்போது ஏன் அதை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பையில் வைத்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. உள்ளே எங்கேயோ உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அவர் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"நாப்பத்து மூணு பேர் ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் ஒண்ணு சொல்றாங்க. நான் எதய்யா நம்பறது?" என்றார்.

"அந்த நாப்பத்து மூணும் நான் எழுதினது சார். இது ஒண்ணுதான் அவங்க எழுதினது," என்றேன்.

டெண்டர் நின்றது. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது, ஊதிய உயர்வு போயிற்று, அதெல்லாம் சரியான கூலிதான். மேலதிகாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைக் கிழித்துத் தொங்கவிட்டவர், மறுவாரம் தானே விருத்தாசலம் வந்து, நாலு வீட்டில் தரையில் உட்கார்ந்து பொம்மை துடைப்பதைப் பார்த்துவிட்டுப் போனார். சத்தமும் புகையும் இல்லாத கைத்தொழில் வீட்டில் செய்யலாம் என்று நிபந்தனையைத் திருத்த வைத்தது அவர்தான். கட்டிய வீடுகளில் ஜாலிக்கு உள்பக்கம் தள்ளுகதவு போட்டோம். வேலை நேரத்தில் சாத்திக்கொள்ளலாம், வெயிலில் திறந்துகொள்ளலாம். இரண்டாம் கட்டத்தில் மாடிக்கு ஒரு பொது அறை, காற்று வராத பக்கமாக, பொம்மை உலர்த்த மட்டும். முழு வரைபடத்தில் அது ஒரு கட்டைவிரல் அகலம். கட்டடக் கலைஞர் இப்போது அதைத்தான் ஊர் ஊராகத் திரையில் போட்டுக் காட்டுகிறார். காற்றை நிறுத்தும் வடிவமைப்பு என்று பெயர் வேறு வைத்திருக்கிறார். அம்பின் நிறம் மட்டும் சிவப்பு.

உங்களுக்கு நான் சொல்வது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அடுத்த தடவை ஒரு வீட்டுக்குள் படிவத்தோடு நுழையும்போது, உண்மையைச் சொன்னால் இவர்களுக்கு என்ன போகும் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது போகும் என்றால் அந்தப் படிவத்தில் வருகிற பதில் எதையும் நம்பாதீர்கள். படிவத்தைத் திருத்தச் சொல்லி மேலே எழுதுங்கள். எழுதினால் உங்களுக்கும் ஏதாவது போகும். அதற்குத் தயாரில்லை என்றால் சாலை போடும் துறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். தார் பொய் சொன்னாலும் ஒரே மழையில் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

தை மாதம் அஞ்சலையின் ரத்து நோட்டீஸ் வாபஸ் ஆன ஆணை வந்தது. அவர் சுவரையும் இடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அதில் இருந்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம். நல்ல செய்தியாயிற்றே, நானே கொண்டுபோய்க் கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று மூன்று மாடி ஏறினேன். இத்தனைக்குப் பிறகும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை பாருங்கள்.

வீட்டில் பலகை ஒன்றுகூட இல்லை. ஓரமாக இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தது. விசாரித்தேன். நோட்டீஸ் கையில் இருக்கும்போது கம்பெனியில் அச்சு வாங்கினால், பாதி உலரும்போது பூட்டுப் போட வந்துவிடுவீர்களோ என்று பயந்து, கொலு சீசன் முழுக்க அவர் அச்சே வாங்கவில்லையாம். கம்பெனிக் களத்தில் மண் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். வாங்காதவருக்கு அடுத்த சீசனுக்கு அச்சு கிடைப்பதும் சந்தேகம்தானாம். ஆடியிலிருந்து தை வரைக்கும் மூட்டையை அவிழ்க்காமலே குடியிருந்திருக்கிறார்கள், தாயும் மகளும்.

ஆணையை வாங்கிப் படித்தார். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆடியில் எழுதிக் கொடுத்த தாளைப் பெரியவர்கள் தையில்தான் படித்தார்களா என்று கேட்டார். இல்லை, நான்தான் இழுப்பறையில் வைத்திருந்தேன் என்று சொன்னேன். பொய் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"தொழில மறைச்சது நாங்கதான், இல்லன்னு சொல்லல. வூடு வேணும்னு மறைச்சோம்," என்றார். "நீங்க எதுக்கு சார் மறைச்சீங்க? ஒங்களுக்குத்தான் வூடு இருக்குதே."